லீடர் கையில் சாக்பீஸ் எதற்கு?

ஜூனில் பள்ளி திறந்ததும் வகுப்புக்கு ஒரு லீடரைப் போடுகிறோம். நன்றாகப் படிக்கிற பிள்ளை, சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. கையில் சாக்பீஸைக் கொடுத்து, "பேசறவங்க பேரு எழுது" என்கிறோம். சீண்டலையும் மிரட்டலையும் இந்த லீடரால் தடுக்க முடியாது. பேரை எழுதவும் அழிக்கவும் அதிகாரம் வந்ததுமே பேரம் தொடங்கிவிடும். மிட்டாய் கொடுத்தவன் பேர் அழியும், பிடிக்காதவன் பேருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி கூடும். அந்தச் சாக்பீஸை முதலில் லீடரிடமிருந்து திரும்ப வாங்கிவிடுங்கள்.

அடுத்தது, சீண்டலைத் தடுக்கிற லீடர்களுக்கான ஆளெடுப்பு. அமெரிக்காவின் நியூஜெர்சியில் 56 நடுநிலைப் பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. மாணவர் குழுக்கள் மோதலையும் சீண்டலையும் குறைக்க வேலை செய்த பள்ளிகளில், மாணவர் மோதல் பற்றிய ஒழுங்குப் புகார்கள் ஓராண்டில் மற்ற பள்ளிகளைவிட 30 சதவீதம் குறைந்தன. பலரும் நாடிப் பழகுகிற பிள்ளைகள் குழுவில் கூடுதலாக இருந்த இடத்தில் பலனும் கூடுதல். மதிப்பெண்ணை வைத்து அவர்களைக் கண்டுபிடிக்க முடியாது. ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்து, 'போன வாரம் யார் யாரோடு சேர்ந்திருந்தாய்?' என்று எழுதச் சொல்லுங்கள். அதிகம் வந்த பேர்களில் ஓர் ஆண், ஒரு பெண், முடிந்தால் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளை ஒன்று. சீட்டை வகுப்பாசிரியர் தவிர யாரும் பார்க்கக் கூடாது. யாருமே எழுதாத பேர் ஒன்றிரண்டு இருக்கும். கவனம் முதலில் போகவேண்டியது அங்கேதான்.

வகுப்பறைக்குள் மட்டும் இல்லை, ஆசிரியர் கண் படாத இடங்களிலும் சீண்டல் நடக்கும். டாய்லெட் பக்கம், சைக்கிள் ஸ்டாண்டு, சத்துணவு வரிசை, வேனின் கடைசி சீட்டு, இவைதான் அந்த இடங்கள். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து ஹாஸ்டல்களில் வார்டன் ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு. அதனால் வேனுக்கு ஒருவர், ஹாஸ்டல் அறைக்கு ஒருவர் என்று பிரித்துப் போடுங்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பத்துப் பிள்ளைகளை 'வடக்கன்' என்று கூப்பிடுவதும், அவர்கள் தமிழைப் பேசிக் காட்டிச் சிரிப்பதும் விளையாட்டாகவே கடந்துபோகிறது. "உங்க கோயில் எது?" என்று கேட்டுச் சாதியைத் தெரிந்துகொள்வது நம் பக்கத்தின் பழைய வழி. இரண்டும் சீண்டல்தான் என்று லீடர்களுக்கு வெளிப்படையாகச் சொல்லியே விளக்க வேண்டும்.

கண்ணெதிரே நடந்தால் என்ன செய்வது? சுற்றி நின்று சிரிக்கிற கூட்டம்தான் சீண்டுகிறவனுக்குத் தெம்பு. டொராண்டோ பள்ளிகளில் வீடியோ பதிவுகளைக் கொண்டு 2001-ல் வெளியான ஆய்வில், சக பிள்ளைகள் குறுக்கிட்ட தருணங்களில் பாதிக்கு மேல் பத்து விநாடிக்குள் சீண்டல் நின்றிருந்தது. குறுக்கிடுவது என்றால் மல்லுக்கு நிற்பது இல்லை. மாட்டிக்கொண்ட பிள்ளையின் பக்கத்தில் போய், "வா கண்ணு, சாப்பிடப் போலாம்" என்று கூட்டிக்கொண்டு நகர்ந்தால் போதும். மறுநாளும் அந்தப் பிள்ளையோடு உட்கார வேண்டும். ஒரு நாளோடு விட்டால் மறுபடி தொடங்கும். சீண்டியவனை எல்லார் முன்னாலும் திட்டினால் அந்தக் கோபம் சாயங்காலம் வேனில் இறங்கும். இருவரையும் கைகுலுக்க வைத்துப் பஞ்சாயத்து முடிப்பதும் ஆகாது. சரிக்குச் சரியானவர்களின் சண்டைக்குத்தான் சமாதானம் பொருந்தும். பலம் குறைந்த பிள்ளைக்கு அது இன்னொரு மிரட்டல்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று லீடர் வாக்குக் கொடுக்கவே கூடாது. காயம், பணம் பறிப்பு, உடம்பைத் தொடுதல், சாதிப் பேச்சு, 'செத்துடலாம்னு இருக்கு' என்ற சொல், எதுவானாலும் அன்றே ஆசிரியரிடம் போக வேண்டும். வாட்ஸ்அப்பில் ஆபாசப் படம் வந்தால் ஃபார்வர்டும் வேண்டாம், ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம், நேரே பெரியவர்களிடம்.

வாரம் ஒருமுறை, 20 நிமிடம், ஒரே ஆசிரியர் எல்லா லீடர்களையும் பார்க்க வேண்டும். நோட்டில் தேதி, இடம், நடந்தது, எடுத்த நடவடிக்கை, நான்கே கட்டம். நான்காவது கட்டம் காலியாகவே கிடந்தால் பிள்ளைகள் சீக்கிரமே சொல்வதை நிறுத்திவிடுவார்கள். திட்டம் படுப்பது இங்கேதான். பள்ளிக்குள் பதில் கிடைக்காவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழு, கல்வித்துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. இந்த இரண்டு எண்களையும் நோட்டின் முதல் பக்கத்திலும், ஒவ்வொரு வேனின் கடைசி சீட்டுக்கு எதிரிலும் எழுதி ஒட்டுங்கள்.