60° கோணத்தை ஏன் அடிப்பக்கத்துக்குக் கீழே வரைகிறோம்?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணக்குத் தாளைக் கையில் வாங்கியதும் நான் முதலில் எடுத்தது செய்முறை வடிவியல் கேள்வியைத்தான். படிகளை மனப்பாடம் செய்துவிட்டால் முழு மதிப்பெண் உறுதி என்று சொல்லியே எங்களைப் பழக்கியிருந்தார்கள். அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் உச்சியிலிருந்து வரையும் குத்துக்கோட்டின் நீளமும் கொடுத்து முக்கோணம் வரையச் சொல்லும் கேள்வி அது. அடிப்பக்கம் 6 செ.மீ., உச்சிக்கோணம் 60°, குத்துக்கோடு 4 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கத்தை வரைந்தேன், அதன் இடது முனையில் 60° கோணம் வரைந்தேன், அந்தக் கோட்டுக்கு அதே முனையில் ஒரு செங்குத்து எழுப்பினேன், அடிப்பக்கத்தின் மையக்குத்துக்கோடு அதை வெட்டிய புள்ளியை மையமாக வைத்து வட்டமும் போட்டேன். அதன் பிறகு அடிப்பக்கத்துக்கு மேலே 4 செ.மீ. தொலைவில் இணைகோடு வரைந்தபோது, அந்தக் கோடு வட்டத்தைத் தொடவே இல்லை.

கவராயம் நழுவிவிட்டதோ என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். மறுபடியும் கோடு வட்டத்துக்கு எட்டாத உயரத்தில்தான் நின்றது. பதினைந்து நிமிடம் போனது. அந்தப் பதற்றத்தில் தெரிந்த இரண்டு கேள்விகளையும் விட்டுவிட்டு வெளியே வந்தேன். 60° கோணத்தை அடிப்பக்கத்துக்குக் கீழே வரைய வேண்டியிருக்க, நான் மேலே வரைந்திருந்தேன் என்பது வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. கீழே வரைய வேண்டும் என்று நோட்டில் இருந்தது. ஏன் கீழே என்று எங்கும் இல்லை. நானும் கேட்டதில்லை.

காரணம் அதே பாடத்தில்தான் இருக்கிறது. வட்டத்தின் தொடுகோட்டுக்கும், தொடுபுள்ளி வழியாகச் செல்லும் நாணுக்கும் இடைப்பட்ட கோணம், அந்த நாணின் மறுபக்கத்து வட்டத்துண்டில் அமையும் கோணத்துக்குச் சமம் என்கிறது மாற்று வட்டத்துண்டு தேற்றம். இங்கே நாண் என்பது அடிப்பக்கம்தான். கீழே 60°-இல் வரையும் கோடு, இனிமேல் போடப்போகும் வட்டத்தின் தொடுகோடு. தொடுகோட்டுக்குத் தொடுபுள்ளியில் எழுப்பும் செங்குத்து வட்டமையம் வழியாகத்தான் செல்லும். நாணின் மையக்குத்துக்கோடும் மையம் வழியாகத்தான் செல்லும். ஆகவே இரண்டும் வெட்டும் இடமே மையம். தொடுகோடு கீழே இருப்பதால் மேல் வில்லில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் அங்கே 60° அமையும். இவ்வளவும் புரிந்துவிட்டால் மனப்பாடம் செய்ய ஒரு படியும் மிச்சமில்லை. நான் செய்ததுபோல் கோணத்தை மேலே வரைந்தால் வட்டமையம் கீழே போய்விடுகிறது. மேலே இருக்கும் சிறிய வில்லில் 120° தான் கிடைக்கும், அதன் உயரமும் ஏறத்தாழ 1.7 செ.மீ. மட்டுமே. ஆனால் கீழ் வில்லில் 60° இருந்தது. இணைகோட்டை மட்டும் கீழ்ப்பக்கம் வரைந்திருந்தால் அதே வட்டத்தில் விடை கிடைத்திருக்கும். அழித்திருக்கவே வேண்டாம்.

இன்று இதே பாடத்தை அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் நடத்துகிறேன். இப்போதைய 100 மதிப்பெண் தாளில் செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் தலா 8 மதிப்பெண் என்பதால், நடுத்தரமாகப் படிக்கும் பிள்ளைகள் இந்தப் பதினாறையும் பெரிதும் நம்பி வருகிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது வரைய முடியாத ஒரு கணக்கு: அடிப்பக்கமும் கோணமும் அதேதான், குத்துக்கோடு மட்டும் 6 செ.மீ. சிறிது நேரத்தில் பின் பெஞ்சிலிருந்து, “சார், கணக்கு தப்பா இருக்கு சார், கோடு வட்டத்துல படவே இல்ல” என்று குரல் வரும். எவ்வளவு உயரம் வரை படும் என்று கேட்பேன். அளவுகோலை நகர்த்தி நகர்த்தி 5.2 என்று கண்டுபிடிப்பார்கள். அந்த உச்சிப் புள்ளியை அடிப்பக்கத்தின் முனைகளோடு இணைத்து அளக்கச் சொன்னால் மூன்று பக்கமும் 6 செ.மீ. சென்ற ஆண்டு ஒரு மாணவி அளக்காமலேயே, “உச்சியில 60, ரெண்டு பக்கமும் சமம், அப்போ சமபக்க முக்கோணம்தானே சார்” என்றாள். இந்த ஒரு வகுப்புக்காக நாற்பது நிமிடம் செலவிடுவதை நான் வீண் என்று நினைப்பதில்லை. பயிற்சித் தாள் பத்து போட்டாலும் இது வராது.

தேற்றங்களைப் படிக்கும் முறைக்கும் இதையே சொல்வேன். முக்கோணத்தின் ஒரு கோணத்தை இருசமமாக வெட்டும் கோடு எதிர்ப்பக்கத்தை மற்ற இரு பக்கங்களின் விகிதத்தில் பிரிக்கும் என்கிற கோண இருசமவெட்டித் தேற்றத்தை எழுதும்போது ‘அமைப்பு’ என்ற தலைப்பின் கீழ் ஓர் இணைகோடு வானத்திலிருந்து விழுந்ததுபோல் வந்து நிற்கும். இணைகோடு இருந்தால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமமாகும், கோணத்தை ஏற்கெனவே இருசமமாக வெட்டியிருப்பதால் ஓர் இருசமபக்க முக்கோணம் பிறக்கும், விகிதத்தில் தேவைப்படும் பக்கத்தை அந்த முக்கோணத்தின் வேறொரு பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதற்காகவே அந்தக் கோடு வருகிறது. புத்தகத்தை மூடிவிட்டு, படத்தைத் தலைகீழாக, விரிகோண முக்கோணமாக, வேறு எழுத்துகளைப் பெயராக வைத்து வரைந்து நிரூபணத்தை எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் தேற்றம் உங்களுடையது. புத்தகத்தில் உள்ள படமும் அதே எழுத்துகளும் இருந்தால்தான் எழுத முடியும் என்றால், நீங்கள் படித்தது படத்தை மட்டும்தான்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நெதர்லாந்தைச் சேர்ந்த பியர் வான் ஹீலே, டினா வான் ஹீலே தம்பதியர் 1957-இல் தம் ஆய்வேடுகளில் வடிவியல் சிந்தனை படிநிலைகளாக வளர்கிறது என்று விளக்கினார்கள்: தோற்றத்தை வைத்து வடிவத்தை அறிவது, அதன் பண்புகளை அறிவது, பண்புகளுக்கு இடையிலான உறவை அறிவது, அதற்குப் பிறகே நிரூபணம். பி.எட். படிக்கும்போது தேர்வுக்காக இதை எழுதிவிட்டு மறந்திருந்தேன். பிறகு ஒன்பதாம் வகுப்பில் சதுரம் ஒரு செவ்வகமா என்று கேட்டபோது வகுப்பில் பெரும்பாலோர் இல்லை என்றார்கள். சாய்த்து வரைந்த சதுரத்தை ‘டைமண்ட்’ என்றார்கள். அவர்களிடம் நான் நிரூபணம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். நாங்கள் ஒரே கரும்பலகையைப் பார்த்து வேறு வேறு பொருள்களைக் கண்டுகொண்டிருந்தோம் என்பது அன்றுதான் உறைத்தது.

கல்லூரிக்குப் போனதும் கவராயம் மறைந்துவிடுகிறது. பி.எஸ்சி. கணிதத்தில் வடிவியல் என்றால் முப்பரிமாணப் பகுமுறை வடிவியல்தான்: தளம், நேர்க்கோடு, கோளம், எல்லாமே சமன்பாடுகள். ஒரே தளத்தில் அமையாத இரு கோடுகளுக்கு இடையிலான மீச்சிறு தொலைவுக்கான சூத்திரத்தை ஒரு பருவம் முழுவதும் அது எதைச் சொல்கிறது என்று தெரியாமலேயே போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அறையைப் பாருங்கள். முன்சுவரும் தரையும் சேரும் கோடு ஒன்று. பின்சுவரும் இடதுசுவரும் சேரும் செங்குத்துக் கோடு மற்றொன்று. இரண்டும் இணையும் அல்ல, வெட்டுவதும் இல்லை. இரண்டுக்கும் செங்குத்தாக நிற்பது இடதுசுவரின் அடிவிளிம்பு. அதன் நீளமே மீச்சிறு தொலைவு. சூத்திரத்தைத் தொடும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு பாடமும் கல்லூரியில்தான் கிடைத்தது. யூக்ளிடின் முதல் நூலின் முதல் கூற்றே சமபக்க முக்கோணம் வரைவதுதான்: கோட்டுத்துண்டின் இரு முனைகளையும் மையமாக வைத்து இரு வட்டம் போட்டு, அவை வெட்டும் புள்ளியை எடுத்துக்கொள்வது. அவை கட்டாயம் வெட்டும் என்பதற்கு யூக்ளிடின் எடுகோள்களில் எதுவும் இடம் தரவில்லை. விகிதமுறு எண்களை மட்டும் ஆயத்தொலைவுகளாக வைத்துக்கொண்டால், அந்தப் புள்ளியின் உயரத்தில் √3 வருவதால், அங்கே புள்ளியே இருக்காது. படத்தில் கண்ணுக்குத் தெரிவதை நம்பிக் கடந்துபோன இத்தகைய இடங்களை அடைக்கும் விதமாக 1899-இல் ஜெர்மன் கணிதவியலாளர் டேவிட் ஹில்பர்ட் அடிப்படைக் கூற்றுகளைப் புதிதாக வகுத்தார். கோடும் வட்டமும் சந்திக்குமா என்ற என் தேர்வறைக் கேள்வி இவ்வளவு ஆழமானது என்று அறிந்தபோது நான் மிகவும் மகிழ்ந்தேன்.

இப்போது கல்லூரியில் படிப்பவர்கள் அந்தப் பத்தாம் வகுப்புக் கணக்கைச் சமன்பாடுகளாக ஒருமுறை எழுதிப் பாருங்கள். அடிப்பக்கத்தின் நடுப்புள்ளி ஆதிப்புள்ளி. வட்டமையம் அதற்கு √3 மேலே. ஆரத்தின் வர்க்கம் 12. உயரம் 4 என்று பிரதியிட்டால், உச்சி நடுக்கோட்டிலிருந்து விலகும் தூரத்தின் வர்க்கம் 12-இலிருந்து (4 − √3)-இன் வர்க்கத்தைக் கழித்தது; ஆகவே உச்சி இடப்பக்கமோ வலப்பக்கமோ ஏறத்தாழ 2.6 செ.மீ. தள்ளி அமையும், முக்கோணம் இரண்டு கிடைக்கும். இனி மையத்தை √3 கீழே இறக்குங்கள். 12-இலிருந்து (4 + √3)-இன் வர்க்கத்தைக் கழிக்க வேண்டியிருக்கும். விடை ஏறத்தாழ −20.9. குறை எண்ணுக்கு மெய்யெண்களில் வர்க்கமூலம் இல்லை. தேர்வறையில் நான் இரண்டு முறை வரைந்தும் வட்டத்தில் படாமல் நின்ற கோடு இதுதான்.