சத்தம் ஓடியது, படகு ஓடவில்லை

மட்டக்களப்பில் பாலமீன்மடுக் கரையில் நிற்கும் எங்கள் பைபர் படகு 18 அடி நீளமானது. அதன் பின்புறத்தில் பூட்டியிருப்பது 20 ஆண்டுகளைக் கடந்த, 25 குதிரைவலுவுள்ள, இரண்டு சிலிண்டர் கொண்ட டூ ஸ்ட்ரோக் எஞ்சின். மாரி முடிந்து படகை மீண்டும் வாவியில் இறக்கியபோது, வேகம் கூட்டும் கைப்பிடியை முழுவதும் முறுக்கினாலும், படகின் முன்பகுதியான அணியம் மேலே தூக்கியபடியே நின்றது. முன்பெல்லாம் சில விநாடிகளில் அணியம் தணிந்து, படகு நீரின் மேல் வழுக்கத் தொடங்கிவிடும். இருவர் ஏறினால் மணிக்கு 35 கிலோமீற்றர் வரை ஓடிய படகு, கைத்தொலைபேசியில் பார்த்தபோது 17ஐத் தாண்டவில்லை.

முதல் தவறு என்னுடையது. படகில் ஏற்றி ஓட்டிக் காட்டாமல், எஞ்சினை மட்டும் கழற்றி ஒரு திருத்துமிடத்துக்குக் கொண்டுபோனேன். அவர்கள் அதைத் தண்ணீர்த் தொட்டியில் ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, காபரேட்டர் அடைத்திருப்பதாகச் சொல்லி, அதற்குரிய உதிரிகளையும் புது பிளக்குகளையும் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டார்கள். தொட்டிக்குள் எஞ்சின் எதையும் தள்ளிக்கொண்டு போவதில்லை. ஆகவே சுமை ஏறும்போது மட்டும் தலைகாட்டும் குறை அங்கே தெரிய வழியில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அதன்பின் எரிபொருள் பக்கத்தை நானே பார்த்தேன். தாங்கி மூடியின் காற்றுத் திருகு திறந்தே இருந்தது, எரிபொருள் வடிகட்டியில் தண்ணீர் இல்லை. முழு வேகத்தில் ஓடும்போது எரிபொருள் குழாயிலுள்ள ரப்பர்க் குமிழைத் தம்பி விடாமல் அமுக்கிப் பார்த்தான். பம்ப் பழுதாகியிருந்தாலோ குழாய் எங்காவது காற்று இழுத்தாலோ அப்போது எஞ்சின் தெளிந்திருக்கும், ஆனால் எந்த மாற்றமும் இல்லை. இரண்டு சிலிண்டர்களின் அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

கரையில் நின்று இந்த ஓட்டங்களைக் கேட்டுக்கொண்டிருந்த மாமா, எஞ்சினைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "சத்தம்தான் மனே ஓடுது, தோணி ஓடல்ல" என்றார். எஞ்சின் சுழல மறுக்கிறதா, அல்லது சுழல்வது தண்ணீரைச் சென்றடையவில்லையா என்று நான் தொடக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

பிளக் வயரில் சுற்றிக் கட்டும் சிறிய சுழற்சிமானி ஒன்றை இரவல் வாங்கி, கச்சான் காற்று ஏமாற்றாதபடி கல்லடிப் பாலத்தின் பக்கம் ஒரு தடவையும் எதிர்த்திசையில் ஒரு தடவையும் ஓடினேன். நிமிடத்துக்கு 5200 சுற்று. என் எஞ்சினுக்கு முழு முறுக்கில் 4500 முதல் 5500 வரை இருக்க வேண்டும் என்பதால், இந்த எண்ணை மட்டும் பார்த்தால் குறையே இல்லை. பல்சக்கர விகிதமான 2.08ஆல் வகுத்தால் புரொப்பெல்லர் 2500 தடவை சுழல வேண்டும். அதன் மேல் பொறித்திருந்த 11 அங்குலப் புரியின்படி, அதாவது ஒரு சுற்றுக்கு 11 அங்குலம் முன்னேறும் கணக்கில், அது மணிக்கு ஏறத்தாழ 42 கிலோமீற்றர். தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு நழுவுவதாக வைத்தாலும் 33 வர வேண்டிய இடத்தில் 17 வந்தால், மிச்சம் எங்கோ வழியில் தொலைகிறது.

புரொப்பெல்லரின் உலோகக் குடத்துக்கும் அதன் நடுக்குழாய்க்கும் இடையில் ஒரு ரப்பர் இருக்கிறது. மணலிலோ கட்டையிலோ இடிபட்டால் அதிர்ச்சியைத் தாங்கிப் பல்சக்கரத்தைக் காப்பாற்றுவது அதன் வேலை. முகத்துவாரத்து மணல்திட்டில் எங்கள் புரொப்பெல்லர் எத்தனை தடவை இடிபட்டிருக்கும் என்று எண்ணிச் சொல்ல முடியாது. நடுக்குழாய், ரப்பர், குடம் மூன்றையும் கடந்து வெள்ளைப் பெயின்ரால் ஒரு கோடு இழுத்து, காய்ந்தபின் ஒரே ஒரு தடவை முழு வேகத்தில் ஓடித் திரும்பினேன். எஞ்சினைத் தூக்கிப் பார்த்தபோது, குடத்திலிருந்த கோட்டுத் துண்டு நடுக்குழாயின் கோட்டிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி நின்றது. மெதுவாக ஓடும்போது பிடித்துக்கொண்ட ரப்பர், முறுக்கியதும் வழுக்கிவிட்டிருந்தது.

அதே புரியுள்ள வேறொரு புரொப்பெல்லரை மாட்டியதும் அணியம் தணிந்தது, வேகம் 28க்கு ஏறியது. ஆனால் சுற்று 4300க்கு இறங்கிவிட்டது. அரைகுறைத் திருப்தியோடு விட்டிருப்பேன்; மாமாதான் விடவில்லை. எஞ்சினை நிறுத்தி, மேல்மூடியைக் கழற்றி, தம்பியைக் கைப்பிடியை முழுவதும் முறுக்கச் சொன்னேன். காபரேட்டரின் வாயைத் திறக்கும் நெம்பு அதன் எல்லைத் தடுப்பைத் தொடாமல், ஒரு பென்சில் நுழையும் இடைவெளியில் நின்றது. கைப்பிடியிலிருந்து நெம்புக்கு வரும் இழுவைக் கம்பி நாட்பட்டு நீண்டிருந்தது. புரொப்பெல்லர் வழுக்கியவரை எஞ்சினுக்கு முழுச் சுமை ஏறாததால், பாதி திறந்த வாயோடும் அது 5200ஐ எட்டி, இந்தக் குறையை மறைத்துக்கொண்டிருந்தது.

புதுக் கம்பிக்குச் செலவான தொகை, முன்பு திருத்துமிடத்தில் கொடுத்ததில் ஒரு சிறு பங்குகூட வராது. அன்று மாலை 5100 சுற்றில் 34 கிலோமீற்றர் காட்டியது. புதுப் புரொப்பெல்லரிலும் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கிறேன். முகத்துவாரத்தைக் கடந்து வந்த நாட்களில் எஞ்சினைத் தூக்கியதும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.