மூக்கில்லாத மாங்காய்

நான் கிருஷ்ணகிரிக்கு வந்தது 1996ல். அப்போது இது தர்மபுரி மாவட்டம், 2004ல்தான் பிரிந்தது. சொந்த ஊர் போளூர் பக்கம். அங்கே வேலை இல்லை, இங்கே போர்டு எழுதும் அண்ணன் ஒருவர் ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். முதல் வருஷம் முழுக்கத் தகரத்தைத் தேய்ப்பது, பட்டி பார்ப்பது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது, அண்ணன் நூல் அடிக்கும்போது ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது, அவ்வளவுதான். இரண்டாம் வருஷம்தான் பிரஷ்ஷைக் கையில் கொடுத்தார்.

வேப்பனப்பள்ளி, பேரிகை பக்கம் போனால் தெலுங்கில் போர்டு கேட்பார்கள், ஓசூர் தாண்டினால் கன்னடம். எனக்கு இரண்டுமே படிக்கத் தெரியாது. கடைக்காரர் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார், கட்டம் போட்டுப் பெரிதாக்கி அப்படியே எழுதுவேன். படிக்கத் தெரியாததால்தானோ என்னவோ, எழுத்தின் மேலே வரும் தலைக்கட்டு எங்கே தொடங்குகிறது, வயிறு எவ்வளவு புடைக்கிறது, எந்த இடத்தில் பிரஷ்ஷை லேசாகத் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. இன்றைக்கு என் ஓவியத்தில் ஒரு கோடு சரியாக விழுந்தால் அது அந்தக் கடை வாசல்களில் கற்றதுதான்.

பல வருஷம் கழித்து ஒரு பழைய புத்தகக் கடையில் வில்லெம் டி கூனிங் என்ற ஓவியரைப் பற்றிப் படித்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. 1904ல் ராட்டர்டாமில் பிறந்தவர், பன்னிரண்டு வயதில் ஒரு அலங்கார வேலை நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்து, இரவில் கலைப்பள்ளிக்குப் போனவர். 1926ல் கப்பலில் ஒளிந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்திருக்கிறார். அங்கே முதலில் வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்தார், அப்புறம் கடை ஜன்னல் அலங்காரம், விளம்பர ஓவியம். 1935ல் அமெரிக்க அரசு ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்து வரையவைத்த திட்டத்தில் சேர்ந்தார், குடியுரிமை இல்லாததால் அதிலும் நீடிக்க முடியவில்லை. ஆனால் அதற்குள் அவர் மனதில் ஒன்று மாறிவிட்டது. அதுவரை விளம்பர வேலை செய்துகொண்டு மிச்ச நேரத்தில் வரைந்தவர், இனி நான் ஓவியன், சில்லறை வேலைகள்தான் மிச்ச நேரத்தில் என்று முடிவெடுத்தார். முதல் தனிக் கண்காட்சி 1948ல், நாற்பதைத் தாண்டிய பிறகுதான். அதில் பல ஓவியங்கள் கறுப்பு வெள்ளை, சுவருக்கும் கதவுக்கும் அடிக்கும் எனாமல் பெயிண்ட். விலை மலிவு என்பதால். கோடு இழுக்க அவர் வைத்திருந்தது போர்டு எழுதுகிறவர்களின் நீள முடி பிரஷ். அந்த வரியை நான் மறுபடி மறுபடி படித்தேன், அதே மாதிரி பிரஷ் என் டப்பாவிலும் இருந்தது.

எனக்கு அந்த முடிவு அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. ஃப்ளெக்ஸ் வந்து போர்டு வேலையைத் தின்றுவிட்ட பிறகு, மாங்கூழ் டின்களுக்கு லேபிள் வரையும் வேலை கிடைத்தது. இங்கே கூழுக்கு அதிகம் போவது பெங்களூரா, நுனியில் கிளி மூக்கு மாதிரி வளைந்திருக்குமே, அதுதான். நான் அதைப் பார்த்தபடி வரைந்து கொண்டுபோனேன். "மூக்கை எடுத்துடுங்க, உருண்டையா சிவப்பா இருக்கட்டும், அல்போன்சா மாதிரி" என்றார்கள். எடுத்தேன். எட்டு வருஷம் மூக்கில்லாத மாங்காய்தான் வரைந்தேன், பிள்ளைகள் படிப்பு அதில்தான் நடந்தது. அந்தப் பணத்தைக் குறைவாக ஒருநாளும் நினைத்ததில்லை.

ஒருமுறை என் படங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியூரில் ஒரு கேலரிக்குப் போனேன். பார்த்தவர், கோட்டில் போர்டு வாசனை அடிக்கிறது, அதை மறந்துவிட்டு வாருங்கள் என்றார். ரொம்ப வலித்தது. இத்தனைக்கும் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் 1966ல் குடியேறிய ஓவியர்கள் பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் பிழைத்தார்கள், வரைந்தார்கள். கையில் படிந்ததை எப்படி மறப்பது? எதற்கு மறப்பது? தொழில் என் கையைக் கெடுக்கவில்லை. அது எடுத்துக்கொண்டது என் பகல் வெளிச்சத்தை. அதைத்தான் திரும்ப வாங்க வேண்டியிருந்தது.

அதனால் நேரத்தை மாற்றினேன். காலை ஐந்தரையிலிருந்து பத்து வரை என் படம், யார் போன் பண்ணினாலும் எடுப்பதில்லை. பத்துக்கு மேல் சுவர் விளம்பரம், பள்ளிக்கூடச் சுவர், லேபிள், எது வந்தாலும். வருமானம் குறைந்தது, வீட்டில் ஒரு மாதம் பேச்சே இல்லை, அப்புறம் சரியானது.

இந்த சீசனில் பெங்களூராவை வரைந்துகொண்டிருக்கிறேன். நாலடிப் பலகை, எனாமல், பச்சையும் கொஞ்சம் மஞ்சளும், காம்பில் வழிந்து காய்ந்த பாலின் கறுப்புத் தடம். போன வாரம் மண்டியில் மூட்டை தூக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி உள்ளே வந்தவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். "அண்ணே, இது இன்னும் பழுக்கல, நாலு நாள் ஆகும்" என்றான். மூக்கை மட்டும் இன்னும் முடிக்கவில்லை, நாளைக் காலை வெளிச்சம் வரட்டும்.