தோக்கு போன வீடு

14 ஜூலை 2024, ஞாயிறு

குலசேகரத்துக்குப் பக்கம் எங்கள் பழைய வீட்டில் நேற்று ராத்திரி திருட்டு. போனது தோக்குகள், எங்கள் ஊர்ப் பேச்சில் துப்பாக்கி. ஒரு கல்யாணத்துக்காக அப்பா தக்கலையில் என் வீட்டில் தங்கியிருந்தார். காலையில் ரப்பர் பால் வெட்ட வந்த அண்ணன் அடுக்களைக் கதவு பெயர்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு போன் செய்தார்.

டிவி இருக்கிறது. அம்மாவின் வெண்கல நிலவிளக்கு இருக்கிறது. இரும்பு அலமாரியை மட்டும் பாரையால் நெம்பித் திறந்திருக்கிறார்கள். பர்மிங்காமில் செய்த வெப்ளி அண்ட் ஸ்காட் இரட்டைக் குழல் தோக்கு, குழல் அளவு 12 போர், அப்பாவின் பாட்டா திருவிதாங்கூர் ராஜ்யத்துக் காலத்தில் வாங்கியது, அது இல்லை. அப்பாவே வாங்கிய இசாப்பூர் ஒற்றைக் குழல் இல்லை. மீதியிருந்த தோட்டாக்களும் போயின. ஏர்கன்னையும் விடவில்லை. சுவரில் தொங்கிய நாடன் தோக்கு, மருந்து கெட்டித்துச் சுடுகிற ரகம், மருந்துக்குத் தீ போகும் துளையை எப்போதோ வெல்டிங் வைத்து அடைத்துவிட்டார்கள். அதையும் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து சொன்னது இவ்வளவுதான்: "அந்த வெளக்க எடுத்துட்டுப் போயிருக்கப்பிடாதா."

15 ஜூலை

நேற்று மனு ரசீது மட்டும் கொடுத்தார்கள். எஃப்.ஐ.ஆர். இன்று சாயங்காலம்தான். புதிய குற்றவியல் சட்டங்கள் வந்து இரண்டு வாரமே ஆகிறது. ரைட்டர் பழக்க தோஷத்தில் தாளில் பழைய சட்டத்தின் பிரிவுகளை 457, 380 என்று குறித்து, அடித்துவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்து பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 331, 305 என்று எழுதினார்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "வித்துப்போட்டு களவு போச்சுன்னு சொல்லுதியளா பெரியவரே?" கேட்கவேண்டிய கேள்விதான், நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். ஆனால் 74 வயது மனிதரைப் பெஞ்சில் உட்காரவைத்து, வருகிறவன் போகிறவன் காது கேட்க அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்.

தோக்கின் அடையாளம் கேட்டார்கள். என் போனில் எல்லாம் இருந்தது. லைசன்ஸ்தாரர் 70 வயதைத் தாண்டினால் வாரிசுக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்று 2016 ஆயுத விதிகளில் இருக்கிறது. அதன்படி என் பேருக்கு மாற்றக் கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுத, போன மாதம்தான் ஒவ்வொரு எண்ணையும் படம் எடுத்திருந்தேன். தோக்கை மடக்கி, முன்கட்டையைக் கழற்றினால், குழல் தனியே வந்துவிடும். மூன்று துண்டாகும். குழலின் அடிப்பக்கம், பின்கட்டையோடு சேர்ந்த இரும்பு, முன்கட்டையின் உள் இரும்பு, மூன்றிலும் ஒரே எண். கூடவே லைசன்ஸ் புத்தகம். வாங்கிய ஒவ்வொரு தோட்டாவுக்கும் அதில் கடைக்காரர் கையெழுத்தோடு வரி இருக்கிறது.

படங்களைப் பார்த்த பிறகு ரைட்டரின் குரல் மாறியது. "டீச்சர்" என்றார்.

18 ஜூலை

கைரேகைக்காரர்கள் அலமாரியில் பொடி தூவி எடுத்துப் போனார்கள். மழை விடவில்லை. மோப்ப நாய் முற்றத்தைத் தாண்டவில்லை.

27 ஜூலை

அப்பா பேப்பரில் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறார். மிரட்டல், கொள்ளை, வெடிச் சத்தம் என்று எந்த ஊர்ச் செய்தி வந்தாலும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாம் முறை படிக்கிறார். களியக்காவிளை தாண்டிவிட்டால் கேரளா, அங்கே போயிருந்தால் என்ன செய்வது என்று ராத்திரி கேட்கிறார். ஊரில் வந்து விசாரிக்கிறவர்கள் விலையைக் கேட்கிறார்கள், பாட்டா காலத்துப் பொருளாச்சே என்று வருத்தப்படுகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இன்னும் வரவே இல்லை. நகை போயிருந்தால் நஷ்டம் எங்களோடு நின்றிருக்கும். இது யாரோ ஒருத்தர் வீட்டுக்கு முன்னால் போய் வெடித்தால், புத்தகத்தில் அப்பா பேர்தானே இருக்கிறது?

தெரிந்தவன்தான் எடுத்திருக்கிறான் என்று போலீஸ் நினைக்கிறது. சரியாகத்தான் இருக்கும். மக்களவைத் தேர்தலுக்காக மார்ச்சில் எல்லாத் தோக்கையும் ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்தோம். ஜூனில் நடத்தை விதி விலகியதும் அப்பா ஆட்டோவில் வைத்து, ஜங்ஷன் வழியாக, சாயாக்கடையில் நிறுத்திக் குடித்துவிட்டுக் கொண்டுவந்தார். துணி உறைக்குள் நீளமாக இருப்பது மண்வெட்டிக் கணையா என்று யாரும் ஏமாறப்போவதில்லை.

முன்பு மூன்று லைசன்ஸ் தோக்குகள் இருந்தன. 2019 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி ஒருவருக்கு இரண்டுதான் என்று ஆக்கினார்கள், பாரம்பரியமாக வந்ததும் அந்தக் கணக்கில்தான். .315 ரைபிளை விற்றபோது அப்பா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. "அண்ணைக்கு வித்தது எவ்வளவு நல்லதாப் போச்சு மக்ளே" என்கிறார் இப்போது. ரைபிள் குண்டு எவ்வளவு தூரம் போகும் என்று அவருக்குத் தெரியும்.

9 ஆகஸ்ட்

காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன மூன்று பேரை ராத்திரி ரோந்தில் வனத்துறை பிடித்திருக்கிறது. ஒரு இரட்டைக் குழலும் கூட. ஏட்டையா போனில் சொன்னபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, "ஆளு யாருக்கும் ஒண்ணும் ஆகலியே?"

12 ஆகஸ்ட்

அடையாளம் காட்ட ஸ்டேஷனுக்குப் போனோம். மேசைமேல் சணல் சாக்கில் வைத்திருந்தார்கள்.

குழலை அறுத்திருக்கிறார்கள்.

முப்பது அங்குலம் இருந்தது பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. இரும்பு அறுக்கும் வாளால் இரண்டு மூன்று இடத்தில் தொடங்கி விட்டுவிட்டு, கடைசியில் கோணலாக அறுத்த பிசிறு அப்படியே இருக்கிறது. சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு காட்டுக்குள் போக வசதியாம். குழல் முனையில் இருக்கும் சோக்குதான் சிதறும் ரவைக் குண்டுகளை ஒன்றுசேர்த்து அனுப்புவது. அது அறுபட்ட துண்டோடு போயிற்று. இனி கொஞ்சம் தூரம் தாண்டினால் ரவை எங்கே போகும் என்று சுடுகிறவனுக்கே தெரியாது. விசைக்குக் கீழே வளையத்தில் இருந்த எண்ணை அரம் வைத்து ராவியிருந்தார்கள்.

"நம்பர் போச்சு டீச்சர், எப்படிச் சொல்லுவிய?" என்றார் எஸ்.ஐ. அப்பா கையை நீட்டினார். எஸ்.ஐ. கையுறையைக் கொடுத்தார். முன்கட்டையை ஒரு தட்டில் கழற்றி, நெம்புகோலைத் தள்ளி, குழலை இறக்கிக் கவிழ்த்து வைத்தார் அப்பா. பத்து வினாடிகூட ஆகியிருக்காது. அடிப்பக்கத்தில் எண், அதன் பக்கத்தில் பர்மிங்காம் சோதனைச் சாலையின் கிரீட முத்திரை, எல்லாம் அப்படியே. இந்தத் தோக்கு இப்படிப் பிரியும் என்று அறுத்தவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. என் போனில் இருந்த படத்தைப் பக்கத்தில் வைத்து வீடியோ எடுத்தார்கள்.

பின்கட்டையின் நுனியில் பலா மரத்தில் ஒட்டு ஒன்று உண்டு. பாட்டாவுக்குக் கை நீளம். வெள்ளைக்காரன் செய்த வால்நட் கட்டை தோளுக்கு எட்டாமல், ஊர் ஆசாரியிடம் ஒன்றரை அங்குலம் சேர்த்து வாங்கினாராம். அந்த ஒட்டைக் காட்டி அப்பா எஸ்.ஐ.யிடம் கதை சொல்லத் தொடங்கிவிட்டார். அவரும் கேட்டுக்கொண்டிருந்தார், அவசரம் காட்டாமல். அதற்காக நன்றி.

20 ஆகஸ்ட்

பிடிபட்டவர்களில் ஒருவன் காட்டிக்கொடுத்து, ரப்பர் கன்றுகளுக்கு இடையில் போட்டிருந்த அன்னாசித் தோட்டத்திலிருந்து ஒற்றைக் குழலையும் தோட்டாக்களையும் எடுத்திருக்கிறார்கள். உரச்சாக்குக்குள் பாலிதீன் சுற்றி. குழலுக்குள் மட்டும் துரு. எண் அழியவில்லை. ஏர்கன் ஒருவனின் மச்சான் வீட்டில், மாமரத்துக் கிளையில் வவ்வால் விரட்டிக்கொண்டிருந்ததாம். அதற்கு லைசன்ஸ் தேவையில்லை என்பதால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

நாடன் தோக்கை ஆக்கர் (பழைய இரும்பு) கடையில் எடைக்குப் போட்டிருக்கிறார்கள். கடைக்காரர் கட்டையை அடுப்புக்கு எடுத்துக்கொண்டு இரும்பை லாரி ஏற்றிவிட்டார்.

15 செப்டம்பர், திருவோணம்

அப்பா இரண்டாம் முறை பாயசம் கேட்டார்.

7 அக்டோபர்

தக்கலை வக்கீலிடம். ஜாமீனில் வந்தவர்கள் ஊரில் நடமாடுகிறார்கள், தோக்குக்குத்தான் இன்னும் ஜாமீன் கிடைக்கவில்லை என்றார் அவர்.

வழக்குப் பொருள் கோர்ட்டில் ஒப்படைக்கப்பட்டால் 14 நாளில் விவரப் பட்டியல், படம், வீடியோ. அதன் பிறகு 30 நாளில் யாரிடம் கொடுப்பது என்ற உத்தரவு. புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., பிரிவு 497 அப்படிச் சொல்கிறது. தோக்கு வழக்கில் நடுவே தடய அறிவியல் சோதனை வருகிறது. சுடக்கூடியதுதானா, அண்மையில் சுட்டதா என்று அறிக்கை வரவேண்டும்.

ஒற்றைக் குழலுக்கு மனு போடலாம், லைசன்ஸ் உயிரோடு இருக்கிறது, கேட்கும்போது ஆஜர்படுத்துவேன் என்று பத்திரம் எழுதினால் போதும் என்றார். வெப்ளியைப் பற்றிக் கேட்டபோது விதிப் புத்தகத்தைத் திருப்பி எங்கள் பக்கம் தள்ளினார். 20 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ரவைத் தோக்கு முதல் வகையில் சேர்ந்துவிடுகிறது. சாதாரண லைசன்ஸில் வைத்திருக்க முடியாத வகை. குழலைக் குறைப்பதே தனிக் குற்றம், அது அறுத்தவர்கள்மேல் சேர்ந்திருக்கிறது. ஆனால் அறுபட்ட தோக்கு அப்பாவின் லைசன்ஸில் எழுதியிருக்கும் தோக்கு இல்லை. எண் அதேதான்.

"அப்ப கெடச்சும் கெடைக்கல்ல," என்றார் அப்பா.

"வழக்கு முடிஞ்சா அரசாங்கம் அழிச்சிரும் மாமா. வேற குழல் பொருத்த அனுமதி கேக்கலாம், ஆனா பர்மிங்காமுக்கு யாரு போவா?" என்றார் வக்கீல்.

திரும்பும்போது உதயகிரிக் கோட்டை மதிலைப் பார்த்துக்கொண்டே வந்தார். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவுக்காக அவருடைய ஐரோப்பியத் தளபதி டிலனாய் பீரங்கி வார்த்த இடம். "அதையெல்லாம் எவனும் அறுக்கல்ல," என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை, ஹெல்மெட்டுக்குள் கேட்கவில்லை.

28 நவம்பர்

ஒற்றைக் குழல் கையில் வந்துவிட்டது. கோர்ட் உத்தரவு நகலை லைசன்ஸ் புத்தகத்தில் ஒட்டியிருக்கிறேன். தோக்கு இப்போது தக்கலையில், சுவரோடு போல்ட் போட்ட பெட்டியில். குழல் ஒரு அறையில், கட்டை ஒரு அறையில்.

பலா ஒட்டை மட்டும் தனியாகக் கழற்றித் தருவார்களா, அது தோக்கில் சேராதே என்று அப்பா கோர்ட்டில் கேட்கச் சொன்னார். விசாரணை முடியட்டும் என்றார் வக்கீல். சாட்சிக்குச் சம்மன் வரும். அப்பா மறுபடி கூண்டில் ஏறிக் குழலை இறக்கிக் காட்ட வேண்டியிருக்கும். இப்போதே கண்ணாடியை மாற்றிவிடலாம் என்கிறார்.

கலெக்டர் ஆபீசில் வாரிசு மனுவை ஒரே தோக்குக்கு என்று திருத்தி எழுதித் தரச் சொன்னார்கள். புதிதாக இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் வேண்டுமாம்.