ஓகரைக் கொல்லாமல் பாலத்தைக் கடந்தால் எத்தனை எக்ஸ்பி?

"சண்டை போட்டுத்தான் ஆகணும்னு இல்ல, பேசியும் காரியம் சாதிக்கலாம்" என்று மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ரோல்-பிளேயிங் ஆட்டத்தின் முதல் செஷனில், கதையை நடத்தும் கேம் மாஸ்டர் சொல்வார். மூன்றாவது செஷனுக்குள் ஆட்டக்காரர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எக்ஸ்பி, அதாவது பாத்திரத்தை லெவல் லெவலாக உயர்த்தும் அனுபவப் புள்ளி, எங்கே விழுகிறதோ அந்தப் பக்கம்தான் ஆட்டம் சாயும்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டத்தின் பழைய பதிப்புகளைப் பார்த்தால் இது புரியும். 1974-இல் தொடங்கிய கணக்கு அது: மீட்டுக்கொண்டு வரும் ஒரு பொற்காசுக்கு ஒரு எக்ஸ்பி. 1981 பேசிக் பதிப்பில் ஃபைட்டர் (போர்வீரப் பாத்திரம்) இரண்டாம் லெவலைத் தொட 2,000 எக்ஸ்பி வேண்டும். காப்ளின் என்ற குட்டி அரக்கன் ஒன்றைக் கொன்றால் கிடைப்பது வெறும் 5. அதாவது 400 காப்ளின்கள், அல்லது 2,000 காசு. புத்தியுள்ள யாரும் காப்ளின் தூங்கும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு நழுவத்தான் பார்ப்பார்கள். ஐந்தாம் பதிப்பில் காசுக்கு எக்ஸ்பி இல்லை. ஒவ்வொரு மிருகத்தின் விவரக் கட்டத்திலும் எக்ஸ்பி அச்சிடப்பட்டிருக்கிறது. வெட்டுவதற்கு விலைப்பட்டியல் உண்டு, பேசுவதற்கு இல்லை.

முழுக்க இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அந்தப் பதிப்பின் 2014 டிஎம் கையேடு (கேம் மாஸ்டருக்கான விதிப் புத்தகம்) ஒரு வழி தருகிறது: தோற்றுப்போகும் அபாயம் நிஜமாகவே இருந்தால், சண்டையல்லாத சவாலுக்கும் அதே கடினத்தன்மையுள்ள சண்டைக்கு உரிய எக்ஸ்பியைக் கொடு. கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால்தான் ஓட்டை தெரியும்.

மூன்றாம் லெவலில் நான்கு பேர். பாலத்தில் ஓகர் என்ற பெரிய அரக்கன் ஒன்றும் மூன்று காப்ளின்களும் சுங்கம் கேட்டு நிற்கிறார்கள். ஓகருக்கு 450, காப்ளினுக்குத் தலா 50, மொத்தம் 600. எதிரிகள் நான்கு பேர் என்பதால் கடினத்தை அளக்க இதை இரண்டால் பெருக்க வேண்டும்: 1,200. அந்த லெவலில் நான்கு பேருக்குக் 'கடினம்' 900-இல் தொடங்குகிறது, 'உயிராபத்து' 1,600-இல். ஆகவே இது கடினமான சண்டை. ஆனால் ஜெயித்தால் கைக்கு வருவது 1,200 அல்ல, 600தான். பெருக்கிய எண் அளவுகோலுக்கு மட்டும். இதே பாலத்தைப் பேசிக் கடந்தவர்களுக்கு, 'கடினம்' என்று அட்டவணையைப் பார்த்து எக்ஸ்பி கொடுத்தால் 900 போய்விடும். ரத்தம் சிந்தியவருக்கு 600, நாவை அசைத்தவருக்கு 900! சண்டைக்காரர் முகம் சுளிப்பது நியாயம்தானே.

அதனால் அட்டவணையை விட்டுவிட்டு, தடைக்கே ஒரு விலை வைப்பது மேல். செஷனுக்கு முன்பே குறிப்பில் "பாலம்: 600" என்று எழுதிவிட வேண்டும். வெட்டினாலும், பேரம் பேசினாலும், வெள்ளத்தில் நீந்தி ஒரு குதிரையைப் பறிகொடுத்துக் கடந்தாலும் அதே 600, தலைக்கு 150. மூன்றிலிருந்து நான்காம் லெவலுக்கு ஆளுக்கு 1,800 தேவை என்பதால், இந்த மாதிரி 12 தடைகள். ஓகர் கேட்ட சுங்கத்தை அப்படியே எடுத்து நீட்டிவிட்டுப் போனால்? ஒன்றும் கிடையாது. அபாயம் இல்லாத இடத்தில் எக்ஸ்பி இல்லை, பூட்டாத கதவைத் திறப்பதற்கு இல்லாதது மாதிரி.

முன்கூட்டியே எழுதுவது ஏன் என்றால், ஆட்டம் முடிந்தபின் விலை வைத்தால் கேம் மாஸ்டருக்குப் பிடித்த தீர்வுக்குக் கை தாராளமாக நீளும். அதே குறிப்பில் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, கொடுத்ததும் அடித்துவிடுங்கள். இல்லையென்றால் சமாதானம் பேசி 600 வாங்கியவர்கள், திரும்பும் வழியில் அதே ஓகரை வெட்டி இன்னொரு 600 கேட்பார்கள். கேட்கத்தான் செய்வார்கள்.

அடுத்த சிக்கல் பகடை. ஒரு சண்டை பல சுற்று ஓடும். ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) போகும், மந்திரங்கள் தீரும். பேச்சோ, பேசி இணங்கவைக்கும் பெர்சுவேஷன் திறமையில் +7 வைத்திருக்கும் பார்ட் (பாணர் பாத்திரம்) ஒருமுறை உருட்டியதும் முடிந்துவிடும். ஒரே உருட்டுக்கு முழு எக்ஸ்பி கொடுத்தால் மற்ற மூவரும் போனை எடுத்துவிடுவார்கள். இதற்கு 2008-இல் வந்த நான்காம் பதிப்பின் ஸ்கில் சேலஞ்ச் இன்றும் கைகொடுக்கும்: மூன்று தோல்விக்கு முன் இத்தனை வெற்றி என்பது விதி. மிகச் சிறியதற்கு நான்கு வெற்றி, மிகப் பெரியதற்கு 12. சிறியதை முடித்தால் அந்த லெவல் மிருகம் ஒன்றின் எக்ஸ்பி, பெரியதற்கு ஐந்தின் எக்ஸ்பி.

அப்படியே எடுத்து ஆடினால் சலிப்புத் தட்டும் என்பதையும் சொல்லிவிடலாம். திறமையுள்ளவர் ஒருவரே திரும்பத் திரும்ப உருட்டுவார், மற்றவர்கள் "நான் ஹெல்ப் பண்றேன்" என்று ஒதுங்குவார்கள். இரண்டு திருத்தம் போதும். ஒரே ஆள் ஒரே திறமையை இரண்டாம் முறை பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொரு தோல்வியும் நிலைமையை மாற்ற வேண்டும்: முதல் தோல்வியில் சுங்கம் இரட்டிப்பாகிறது, இரண்டாவதில் ஒரு காப்ளின் கொம்பு ஊத ஓடுகிறது, மூன்றாவதில் சண்டை. நான்கு வெற்றி அதற்குமுன் வந்துவிட்டால் 600.

நன்றாக நடித்தவருக்குத் தனி எக்ஸ்பி என்ற பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. வாயாடி இரண்டு லெவல் முன்னே போவார், கூச்ச சுபாவமுள்ளவர் பின்தங்குவார், பிறகு சண்டையிலும் அவர்தான் முதலில் விழுவார். எக்ஸ்பி குழுவுக்கு, தனி ஆளுக்கு வேறு ஏதாவது. இன்ஸ்பிரேஷன் (பிறகு ஓர் உருட்டலுக்குச் சாதகமாகச் செலவிடக்கூடிய பரிசு) அதற்கென்றே இருக்கிறது, ஆனால் ஒருவர் ஒன்றுக்குமேல் வைத்திருக்க முடியாது என்பதால் பத்திரப்படுத்தி மறந்துவிடுவார்கள். மேஜையில் அவர் கண்ணெதிரே ஒரு டோக்கனை வையுங்கள், செஷன் முடிவில் காலாவதி என்று சொல்லுங்கள்; தானாகச் செலவாகும். ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு மறுபடி கிடைத்தால் இல்லாதவருக்குக் கொடுத்துவிடலாம் என்கிறது ஐந்தாம் பதிப்பைத் திருத்திய 2024 விதி. அதைப் பழைய 2014 ஆட்டத்திலும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

வேறு ஆட்டங்கள் இந்தக் கேள்வியை வேறு விதமாகத் தீர்த்திருக்கின்றன. டஞ்சன் வேர்ல்டில் உருட்டல் 6 அல்லது அதற்குக் கீழே போனால் ஒரு எக்ஸ்பி. செஷன் முடிவில் மூன்று கேள்வி, ஆம் என்றால் எல்லோருக்கும் ஒவ்வொன்று. உலகைப் பற்றி முக்கியமாகப் புதிதாக ஏதாவது தெரிந்துகொண்டோமா என்பது அதில் ஒன்று. சண்டை வருவது ஒரே கேள்வியில்தான். பிளேட்ஸ் இன் தி டார்க்கில் மிக ஆபத்தான நிலையில் உருட்டினாலே ஒரு எக்ஸ்பி, ஜெயிப்பதும் தோற்பதும் வேறு கதை. கால் ஆஃப் கதுலுவில் எக்ஸ்பியே கிடையாது: வெற்றிகரமாகப் பயன்படுத்திய திறமைக்கு டிக் போட்டுவைத்து, பின்னர் நூறு பக்கப் பகடையில் அந்தத் திறமையின் எண்ணைவிட அதிகம் விழுந்தால் அது உயரும். நூலகத்தில் தேடுவதும் துப்பாக்கி சுடுவதும் அங்கே ஒரே தட்டில்.

எக்ஸ்பியே வேண்டாம், மைல்ஸ்டோன் (கதையின் முக்கியக் கட்டத்தை எட்டினால் எல்லோருக்கும் அடுத்த லெவல்) போதும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கணக்கு மிச்சம்தான். ஆனால் அடுத்த மைல்ஸ்டோன் எது என்று ஆட்டக்காரருக்குத் தெரியாவிட்டால், கேம் மாஸ்டர் மனதில் உள்ள கதையைத் துரத்துவது ஒன்றே அவர்களுக்கு மிஞ்சும்; எதைச் செய்தாலும் லெவல் ஏறும் என்றால் ஆபத்தில் இறங்கவும் மாட்டார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் கேம்பெயினில் (பல செஷன் நீளும் தொடர் ஆட்டத்தில்) மாற்றுவதானால் லெவலின் நடுவில் மாற்றாதீர்கள். எல்லோரும் அடுத்த லெவலுக்கு வந்ததும், மூன்று தடைகளை விலையோடு ஒரு அட்டையில் எழுதி மேஜை நடுவே வையுங்கள். ஒன்று முடிந்ததும் இன்னொன்றை எழுதுங்கள், அதை ஆட்டக்காரர்களே முன்மொழியட்டும். எப்படி முடிப்பது என்று அட்டையில் ஒரு சொல்கூட இருக்கக் கூடாது.