புகையை விட்ட பிறகு வரும் இருமல்: முதல் நாள் முதல் ஓராண்டு வரை

சிகரெட்டை விட்டவர்கள் மறுபடி பற்றவைப்பதற்கு ஆசை மட்டும் காரணம் அல்ல. "பிடித்துக்கொண்டிருந்தபோது நன்றாகத்தான் இருந்தேன், விட்ட பிறகுதான் இருமல், சளி, மலச்சிக்கல், தூக்கமின்மை எல்லாம் வந்து சேர்ந்தன. விடுவது என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று முடிவு கட்டித்தான் பலர் திரும்பிப் போகிறார்கள். தொல்லைகள் உண்மைதான், கற்பனை இல்லை. ஆனால் அவற்றுக்குச் சொல்லப்படும் காரணம் தவறு. எது எப்போது வரும், எத்தனை நாள் இருக்கும், எது வந்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், மூன்றாம் வாரத்து இருமலைக் கண்டு பயந்து பின்வாங்க வேண்டியிருக்காது.

முதலில் வேகமாக நடக்கும் மாற்றங்கள். கடைசி சிகரெட்டை அணைத்த 20 நிமிடங்களில் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும். இரத்தத்தில் நிகோட்டின் ஏறக்குறைய 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். எட்டு மணி நேரம் தூங்கி எழுகிறவர் உடம்பில் படுக்கும்போது இருந்ததில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும். காலையில் கண் விழித்ததும் கை பெட்டியைத் தேடுவதற்கு இதுவே காரணம். கார்பன் மோனாக்சைடு வெளியேற இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும் வாயு அது. ஆனாலும் ஒரு நாள் முடிவதற்குள் அதன் அளவு புகைக்காதவருக்கு இருக்கும் அளவை ஒட்டி வந்துவிடும்.

இரத்தம் சுத்தமாகிவிட்டது, ஆனால் ஆள் மிக மோசமாக உணர்வது இதற்கு அடுத்துத்தான். பல ஆண்டுகள் நிகோட்டினிலேயே ஊறிய மூளை, அதற்கான ஏற்பிகளை, அதாவது நிகோட்டின் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களை, கூடுதலாக வளர்த்து வைத்திருக்கிறது. அவையெல்லாம் ஒரே நேரத்தில் வெறுமனே கிடக்கின்றன. எரிச்சல், பதற்றம், கவனம் நிலைக்காமை, துண்டு துண்டான தூக்கம் இவை இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் படிப்படியாக வடியும். ஏற்பிகளின் எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்ப 6 முதல் 12 வாரம் ஆகும். தனித்தனியாக எழும் ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிடங்களில் தானாகவே தணியும். கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம் தள்ளிப்போடுவது எளிமையான உத்திதான், ஆனால் உண்மையிலேயே பலன் தருவது.

முதல் இரண்டு மூன்று நாளில் தலை லேசாகச் சுற்றுவதும் தலைவலியும் சகஜம். அந்த நாட்களில் வேகமாக எழுந்து நிற்காமல் இருந்தால் போதும். வாய்ப்புண் முதல் இரண்டு வாரங்களில் சிலருக்கு வரும், தானே ஆறிவிடும். மலச்சிக்கல் இன்னும் பலருக்கு வரும். குடலைத் தூண்டி அசைய வைத்துக்கொண்டிருந்ததே நிகோட்டின்தான். அது நின்றதும் குடல் சோம்பிப்போகிறது. தண்ணீர், நார்ச்சத்து, நடை இவற்றோடு சில வாரம் பொறுத்தால் சரியாகும். வேண்டுமானால் கொஞ்ச நாளைக்கு மலமிளக்கி எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை. மலச்சிக்கலுக்காக ஒருவர் மறுபடி புகைக்கப் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

காபி, தேநீர் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பலருக்கும் தெரிவதில்லை. புகையில் உள்ள பிசுபிசுப்பான கழிவான தாரில் இருக்கும் சில வேதிப்பொருட்கள், கல்லீரலில் காஃபினை உடைக்கும் நொதியை வேகப்படுத்துகின்றன. அதனால் புகைப்பவர் உடம்பில் காஃபின் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் கழிகிறது. புகையை நிறுத்தியதும் ஒரு வாரத்துக்குள் அந்த நொதி பழைய வேகத்துக்கு இறங்கிவிடும். ஆனால் குடிக்கும் காபியின் அளவு அப்படியே இருக்கும். விளைவு, படபடப்பு, கை நடுக்கம், நள்ளிரவு தாண்டியும் விழித்திருப்பது. எல்லாப் பழியும் சிகரெட்டை விட்டதன் மேல் விழும். முதல் நாளிலிருந்தே காபி, தேநீரைப் பாதியாகக் குறையுங்கள், மதியத்துக்குப் பிறகு வேண்டாம். சிகரெட்டை விட உதவியாக நிகோட்டின் பேட்ச்சைத் தோலில் ஒட்டியிருப்பவருக்கும் இது பொருந்தும், ஏனெனில் நொதியை வேகப்படுத்துவது தார்தான், நிகோட்டின் அல்ல.

இதே காரணத்தால் சில மருந்துகளின் அளவும் இரத்தத்தில் ஏறும். மூச்சிரைப்புக்குத் தரப்படும் தியோஃபிலின், மனநல மருந்துகளான குளோசபின், ஓலான்சபின் இவற்றை எடுப்பவர்கள் விடப்போகும் நாளை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். தியோஃபிலினில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. இன்சுலின் போடுபவர்களும், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அளவை மாற்ற வேண்டிவரலாம்.

இனி இருமல். மூச்சுக்குழாயின் உட்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இருக்கின்றன. தூசியும் கிருமியும் ஒட்டிய சளியை அவை அலை அலையாகத் தொண்டையை நோக்கி மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். நாம் அதை அறியாமலே விழுங்கிவிடுவோம். புகையில் உள்ள அக்ரோலின், ஹைட்ரஜன் சயனைடு போன்றவை இந்த மயிர்களைச் செயலிழக்க வைக்கின்றன. நாளாக நாளாக அவை குட்டையாகின்றன, இடையிடையே அழிந்தும் போகின்றன. இன்னொரு பக்கம் சளிச் சுரப்பிகள் பருத்து, சளி கூடுதலாகச் சுரக்கிறது. புகையை நிறுத்திய சில வாரங்களில் மயிர்கள் மீண்டும் வளர்ந்து அசையத் தொடங்கும். சுரப்பிகள் சுருங்கவோ மாதங்கள் ஆகும். தள்ளும் வேலை தொடங்கிவிட்டது, தள்ள வேண்டிய சரக்கோ இன்னும் குறையவில்லை. இந்த இடைக்காலத்தில் வருவதுதான் அந்த இருமல்.

எல்லாருக்கும் இது வருவதில்லை. வராவிட்டால் நுரையீரல் தேறவில்லை என்று பொருளும் இல்லை. வருபவர்களுக்குப் பெரும்பாலும் முதல் சில வாரங்களில் கூடி, பிறகு மெல்லக் குறையும். இருமலும் மூச்சிரைப்பும் ஓயும் காலம் ஒரு மாதம் முதல் ஒன்பது மாதம் வரை ஆளுக்கு ஆள் மாறும். காலையில்தான் அதிகமாக வரும். சளி வெளுப்பாகவோ சாம்பல் நிறத்திலோ, பழுப்புத் துகள்களோடோ வரலாம்.

இந்தச் சமயத்தில் பெரும்பாலோர் செய்யும் தவறு, இருமலை அடக்கும் மருந்தைக் குடிப்பது. வெளியேற வேண்டிய சளி உள்ளேயே தங்கிவிடும். வறட்டு இருமல் இரவுத் தூக்கத்தைக் கெடுத்தால் மட்டும், அதுவும் மருத்துவரைக் கேட்டு, ஓரிரு நாள் எடுத்துக்கொள்ளலாம். சளியோடு வரும் இருமலை எளிதாக்கத்தான் வேண்டும், தடுக்கக் கூடாது.

எளிதாக்க, மூச்சுப் பயிற்சி சிகிச்சையாளர்கள் கற்றுத்தரும் முறை ஒன்று உண்டு. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, அரை நிமிடம் சாதாரணமாக மூச்சு விடுங்கள். பிறகு மூக்கு வழியாக ஆழமாக இழுத்து 2 அல்லது 3 விநாடி நிறுத்தி, வலிந்து ஊதாமல் வெளியே விடுங்கள். இப்படி மூன்று நான்கு முறை. மறுபடி அரை நிமிடம் சாதாரண மூச்சு. அடுத்து, நடுத்தர அளவு மூச்சை இழுத்து, வாயை அகலத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் "ஹா" என்று ஓரிரு முறை தள்ளுங்கள். சளி மேலே வந்துவிட்டதாகத் தெரிந்தால் மட்டும் ஒருமுறை இருமித் துப்புங்கள். இந்தச் சுற்றை 10 நிமிடம், காலையும் மாலையும் செய்யலாம். "ஹா" என்று தள்ளும்போது சீழ்க்கை போன்ற ஒலியோ இறுக்கமோ வந்தால் தேவைக்கு மீறி வேகமாக ஊதுகிறீர்கள் என்று அர்த்தம். தொடர்ந்து வலுவாக இருமிக்கொண்டே இருப்பது மூச்சுக்குழாயை இறுக்கி, விலா எலும்பிடைத் தசைகளை நோகவைக்கும். அந்த நோவைத்தான் பலர் நெஞ்சுவலி என்று எண்ணிக் கலங்குகிறார்கள். அழுத்தினாலோ திரும்பினாலோ இருமினாலோ கூடும் வலி பெரும்பாலும் தசை வலிதான். நடக்கும்போது நெஞ்சின் நடுவே பாரமாக அழுத்தி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி வேறு. வியர்வையும் சேர்ந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நுரையீரல் எவ்வளவு தேறும் என்பதற்கு நேர்மையான பதில் ஒன்று இருக்கிறது. வீக்கம், சளி, நுண்மயிர் இவை மீளும். காற்றுப்பைகளின் சுவர் இடிந்து போயிருந்தால், அதாவது எம்ஃபிசீமா வந்திருந்தால், அந்தச் சுவர் திரும்பக் கட்டப்படாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மூச்சுக்குழாய் அடைப்பு லேசாகத் தொடங்கியிருந்த 5,887 புகைப்பவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், விட்டவர்கள் முதல் விநாடியில் ஊதித்தள்ளும் காற்றின் அளவு ஓராண்டில் சராசரியாக 47 மில்லிலிட்டர் கூடியது. கேட்பதற்கு அற்பமாகத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகுதான் உண்மையான பலன்: விட்டவர்களுக்கு அந்த அளவு ஆண்டுக்குச் சுமார் 30 மில்லிலிட்டர்தான் குறைந்தது, தொடர்ந்து புகைத்தவர்களுக்குச் சுமார் 60. வயதாவதால் எல்லாருக்கும் குறையும் வேகம்தான் அந்த 30. இழந்ததை மீட்கும் கணக்கு சிறியது, மிச்சத்தைக் காக்கும் கணக்கு பெரியது. நாற்பதில் விடுபவர் எழுபதில் படியேறும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

மூச்சுக்குழாயின் உயிரணுக்கள் பற்றி 2020இல் வெளியான ஆய்வு ஒன்று எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது. விட்டவர்களிடம் 40 சதவீதம் வரையிலான உயிரணுக்கள், ஒருபோதும் புகைக்காதவரின் உயிரணுக்களைப் போலக் கிட்டத்தட்டச் சேதமற்ற மரபணுவோடு இருந்தன. புகைத்துக்கொண்டிருப்பவர்களிடம் இருந்ததைவிட அது சுமார் நான்கு மடங்கு. எங்கோ ஒதுங்கிப் பிழைத்திருந்த நல்ல உயிரணுக்கள் பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம். பல்லாண்டுகள் புகைத்து விட்டவர்களிடமும் இது காணப்பட்டது.

நுரையீரலைக் "கழுவிவிடும்" பொடி, கஷாயம், மாத்திரை என்று விற்கப்படுபவற்றுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். தாரை வெளியேற்றும் மருந்து எதுவும் இல்லை. பீட்டா கரோட்டின் மாத்திரையோ தீங்கே செய்யும். ஃபின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்து 1994இல் வெளியான ஆய்வில், அதை நாள்தோறும் 20 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது. காய்கறியில் இருக்கும் கரோட்டினுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதிக அளவில் மாத்திரையாக விழுங்குவதில்தான் ஆபத்து.

நிகோட்டின் சூயிங்கமும் பேட்ச்சும் பயனற்றவை என்று சொல்பவர்களில் பாதிப் பேர் அவற்றைத் தவறாகப் பயன்படுத்தியவர்கள் என்பது என் கணிப்பு. கண் விழித்து 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 4 மில்லிகிராம் கம், மற்றவருக்கு 2. சாதாரண கம் போல விடாமல் மென்றால் நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல்தான் வரும். காரமான குறுகுறுப்பு தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். குறுகுறுப்பு அடங்கியதும் மறுபடி மென்று இடம் மாற்ற வேண்டும். ஒரு கம் அரை மணி நேரம் வரும். போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து காபி, பழச்சாறு, குளிர்பானம் கூடாது. அமிலம் இருந்தால் வாயின் உட்தோல் நிகோட்டினை உறிஞ்சாது. முதல் 6 வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. ஏக்கம் தாங்க முடியாத பிறகு ஒன்று போடுவது தாமதம்.

பேட்ச் நாளுக்கு 10 சிகரெட்டுக்கு மேல் பிடித்தவருக்கு 21 மில்லிகிராமில் 6 வாரம், பிறகு 14இல் 2 வாரம், 7இல் 2 வாரம். முடியில்லாத, காய்ந்த தோலில் ஒட்டி, தினமும் இடத்தை மாற்றுங்கள். கனவுகள் விபரீதமாக வந்து தூக்கம் கெட்டால் இரவில் கழற்றிவிடலாம். பேட்ச்சோடு கம்மையும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடக் கூடுதல் பலன் தரும். கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

எடை முதல் ஆண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ கூடும், பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். இதயத்துக்குக் கிடைக்கும் நன்மையை அது அழித்துவிடாது. புகையை விடும் அதே வாரத்தில் கடும் உணவுக் கட்டுப்பாட்டையும் தொடங்கி இரண்டிலும் தோற்காதீர்கள்.

மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டிய அறிகுறிகள் இவை. இருமலில் இரத்தம், சிறு கோடாக இருந்தாலும். பச்சை அல்லது மஞ்சள் சளியோடு காய்ச்சல். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல். காரணமில்லாமல் எடை இறங்குவது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது. இவற்றில் எது வந்தாலும் "விட்டதால் வருவது" என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளக் கூடாது. இருமலும் மூன்று வாரத்துக்குப் பிறகு குறையும் போக்கில் இல்லையென்றால் மார்பு எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது. மருத்துவரிடம் போகும்போது புகைத்த கணக்கைப் போட்டுக்கொண்டு போங்கள்: ஒரு நாளைய எண்ணிக்கையை 20ஆல் வகுத்து, புகைத்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். நாளுக்கு 10 வீதம் 24 ஆண்டு என்றால் 12 பேக்-ஆண்டுகள். ஸ்கேன் தேவையா என்று தீர்மானிக்க அவர் பார்க்கும் எண்களில் இது முக்கியமானது.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் விட்ட புதிதில் ஒருமுறை ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதி நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை) செய்துவிட்டு, ஓராண்டு கழித்து மறுபடி செய்யுங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து தந்த பிறகு எடுக்கும் அளவில், முதல் விநாடியில் ஊதிய காற்று மொத்தமாக ஊதியதில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிலையான அடைப்பு இருக்கிறது என்று பொருள். முடிந்தால் இரண்டு முறையும் ஒரே பரிசோதனைக் கூடத்தில் செய்யுங்கள். குழாயை உதட்டால் இறுகக் கவ்வி, காற்று முழுவதும் தீரும்வரை, குறைந்தது 6 விநாடி ஊத வேண்டும். பாதியில் நிறுத்தினால் மொத்தம் குறைந்து, விகிதம் பொய்யாக உயர்ந்து, இருக்கும் அடைப்பு மறைந்துவிடும்.