கண்ணாடியிலிருந்து கழற்றிய கல்

கண்ணாடியிலிருந்து தரையில் பதிக்கிற டைல்ஸ் கல்லைக் கழற்றியதும் தெரிந்தது. பூவின் ஓர் இதழில் சிவப்பு, பக்கத்து மஞ்சளுக்குள் கசிந்திருந்தது.

இன்று காலை, ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறை. மேஸ்திரி சத்தம் போடவில்லை. கல்லை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"கலர் தண்ணியா இருந்துச்சா அப்பு, அச்சத் தூக்கும்போது கை ஆடுச்சா?"

"நான்தாண்ணே அன்னிக்குக் கூடத் தண்ணி ஊத்திட்டேன்."

ஒரு டப்பாவை எடுத்து, தண்ணீர் அளவுக்கு ஆணியால் கோடு கீறிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

இந்தத் தொழிலில் தப்பு உடனே கண்ணில் படாது. கண்ணாடி மேல் அச்சு வைத்துக் கலரை ஊற்றி, அச்சை எடுத்து, உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, மேலே ஈரச் சாந்தை அடைத்து மட்டம் பார்த்து, காய்ந்தபின் நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அதுவரை பூ கண்ணாடிப் பக்கமாகக் கவிழ்ந்தே கிடக்கும். செய்தவர் வாய் திறக்காவிட்டால் அதே கலரில் இன்னும் நூறு கல் போய்விடும்.

ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர்களே, வீணான கல்லுக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் கல்லை ஒளிப்பார்கள், காரணமும் அதோடு ஒளிந்துகொள்ளும். தானாக வந்து சொன்னவருக்கு அன்றைய கூலி முழுசாகப் போகட்டும். யார் செய்தது என்று கேட்குமுன் கலர், அச்சு, தூவல், ஊறல் நான்கையும் கேளுங்கள். கல் வாங்க வந்தவர் முன்னால் கேட்கவே கேட்காதீர்கள்.

அந்தக் கல்லை மேஸ்திரி உடைக்கவில்லை. கலர் கரைக்கிற இடத்தில் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறார். யார் பெயரும் எழுதவில்லை.